கோட்டைக்குள் எது குடிநீர்?

சந்தவாசல் வழியாகப் படவேட்டுக்கு வருகிறவர்கள் ரேணுகாம்பாளைக் கும்பிட்டுவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். வாழைத்தோட்டங்களுக்கு மேலே நிற்கும் கோட்டைமலையை அண்ணாந்து பார்க்கிறவர்கள் குறைவு. இந்த ஊர்தான் சம்புவராய மன்னர்களின் தலைநகரமாக இருந்தது. 14-ஆம் நூற்றாண்டில் விஜயநகர இளவரசன் குமார கம்பணன் படையெடுத்து வந்தபோது, சம்புவராய மன்னன் 'இராசகம்பீரன் மலை'மேல் ஏறிக்கொண்டான் என்று கம்பணனின் மனைவி கங்காதேவி தன் 'மதுரா விஜயம்' காவியத்தில் பாடியிருக்கிறார்.

மலைமேல் ஏறிக்கொள்வது எளிது. மதிலும் வாளும் இருக்கட்டும், ஏறியவர்கள் எதைக் குடித்தார்கள்?

மலைக்கோட்டைகளின் தலைவிதியைத் தீர்மானித்தது பெரும்பாலும் இந்தக் கேள்விதான். ஸ்காட்லாந்தின் எடின்பரோ கோட்டை, நகரத்துக்கு நடுவே அணைந்துபோன எரிமலையின் கழுத்துப்பாறையில் உட்கார்ந்திருக்கிறது. எறும்பும் ஏறத் தயங்கும் செங்குத்து. ஆனால் 1573 முற்றுகையில் பீரங்கி அடித்துக் கோபுரம் சரிந்தது. இடிபாடு கிணற்றை அடைத்தது. தாகம் தாங்காமல் சில நாட்களில் கோட்டை பணிந்துவிட்டது. கெட்டியான பாறை எதிரியை உள்ளே விடாது. ஊற்றையும் எளிதில் விடாது.

கோட்டைமலை நிற்கும் சவ்வாது மலையின் பாறையும் கெட்டியானதுதான். சார்னோக்கைட், நைஸ் போன்றவை பூமியின் ஆழத்தில், பெரும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருவானவை. வயது சுமார் 250 கோடி ஆண்டு. மேலிருந்த சுமை கோடிக்கணக்கான ஆண்டுகளில் அரித்துப்போக, அழுத்தம் தளர்ந்த பாறை விரிந்து, வெங்காயத் தோல்போல அடுக்கடுக்காக உரிகிறது. அப்போது உண்டாகும் வெடிப்புகள்தான் இந்தப் பாறையின் நீர்க்குழாய்கள். மழைநீர் அவற்றில் இறங்கிக் கசிந்து, பள்ளம் கண்ட இடத்தில் சுனையாகத் தேங்கும்.

வெடிப்பில்லாத மொட்டைப்பாறையோ விழுந்த மழையில் பெரும்பகுதியை அப்படியே வழியவிட்டுவிடும். அதைப் பள்ளத்தில் சேர்த்தால்? கணக்குப் பாருங்கள். 1,000 சதுர மீட்டர் பாறையில் 1 சென்டிமீட்டர் மழை பெய்தால் 10,000 லிட்டர். அதில் பாதி வீணானாலும், ஆளுக்கு 5 லிட்டர் வீதம் 100 வீரர்களுக்குப் பத்து நாள் தண்ணீர். ஒரே ஒரு மழையில்!

சேர்ப்பதைவிடக் காப்பதுதான் கடினம். நம் உள்மாவட்டங்களில் ஆண்டு மழை சுமார் 1 மீட்டர்; திறந்த நீர்ப்பரப்பிலிருந்து ஆவியாகப் போவதோ அதற்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு. அகலமான, ஆழமில்லாத குட்டை கோடையில் நிற்காது. நீர் ஆவியாவது மேற்பரப்பைப் பொறுத்தது, ஆழத்தைப் பொறுத்ததல்ல. அதனால் குறுகிய வாயும் ஆழமும் நிழலும் உள்ள சுனைதான் சித்திரை வெயிலைத் தாண்டும். செஞ்சிக் கோட்டை இத்தனை காலம் பேர்போனதற்கு, அதன் ராஜகிரி மலையின் செங்குத்தைப்போலவே அங்குள்ள சுனைகளும் காரணம் என்பேன். கிணற்றை எதிரி தூர்த்துவிடலாம். பாறையில் விழும் மழையைத் தடுக்க அவனிடம் வழியில்லை.

கோட்டைமலையில் வேணுகோபால சுவாமியைத் தரிசிக்க ஏறுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: வழியில் பாறைக்குழியிலோ சுனையிலோ நீர் தேங்கியிருந்தால், அதில் பிளாஸ்டிக் பாட்டிலையும் பூசைக் குப்பையையும் போடாதீர்கள்.