பூனைக்காலி வேலியிலிருந்து மாத்திரை அட்டை வரை

திருவையாற்றுப் பக்கம் வேலியில் பூனைக்காலி படர்ந்தால் பிள்ளைகளைக் கிட்டே விடமாட்டார்கள். காயின் சுணை பட்டால் உடம்பெல்லாம் அரித்துப் பிடுங்கும். வைத்தியர்கள் அதன் விதையைப் பாலில் வேகவைத்துத் தோல் நீக்கி மருந்தாக்கினார்கள். ஆனால் பெரியவர் ஒருவருக்குக் கை உதறத் தொடங்கி, நடை குறுகி, முகம் இறுகினால் பல வீடுகளில் “வயசாச்சுல்ல” என்று திண்ணையோடு விட்டுவிடுவதே வழக்கம். முதலில் புஷ்ய மண்டபப் படித்துறைக்குப் போவது நிற்கும். பிறகு வேட்டி கட்ட ஆள் வேண்டும். பிறகு படுக்கைதான்.

அந்தப் பூனைக்காலி விதையிலிருந்து 1937இல் சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வகத்தில் தாமோதரனும் ராமசாமியும் லெவோடோபா என்னும் பொருளைப் பிரித்தெடுத்தார்கள். இப்படிப் பெரியவர்களை முடக்கும் நடுக்குவாதத்துக்கு அது மருந்தாகும் என்று அன்று எவருக்கும் தெரியாது. இந்நோயில் மூளையில் லெவோடோபாவிலிருந்து உருவாகும் டோபமின் குறைந்துபோவதை வியன்னாவில் ஹார்னிகிவிச் காட்டியது 1960இல். கோட்சியாஸ் அமெரிக்காவில் லெவோடோபா அடங்கிய மருந்தை அதிக அளவில் வாய்வழியே கொடுத்து, முடங்கியவர்களை நடக்க வைத்தது 1967இல். முப்பது ஆண்டுகள்! அதற்குள் படுக்கையில் விழுந்தவர்களை நினைத்தால் மனம் ஆறவில்லை.

இன்று அது மருந்துக் கடையில் கிடைக்கும் மாத்திரை. பொதுவாக 100 மில்லிகிராம் லெவோடோபாவுடன் 10 அல்லது 25 மில்லிகிராம் கார்பிடோபா சேர்ந்திருக்கும். மூளைக்குப் போகும் வழியிலேயே லெவோடோபா சிதைந்துவிடாமல் காப்பது கார்பிடோபாவின் வேலை. நோய் இதனால் குணமாவதில்லை, முற்றுவதும் நிற்பதில்லை. ஆனாலும் டம்ளரைத் தானே பிடித்துக் காபி குடிப்பது சின்ன விஷயமா?

இப்போது வீட்டை ஆள்வது கடிகாரம். “மாத்திரை போட்டாச்சா மாமா?” என்று மருமகள் கேட்ட பிறகுதான் இலை போடுவாள். பருப்பிலும் தயிரிலும் உள்ள புரதம் சிலருக்கு மருந்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும் என்பதால் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்பே விழுங்கச் சொல்கிறார்கள். சில ஆண்டுகள் போனால் அடுத்த வேளை வருமுன்பே பலன் தீர்ந்து கால் தரையில் ஒட்டிக்கொள்ளும். அப்போது வேளையையும் அளவையும் மருத்துவர் மாற்ற வேண்டியிருக்கும். தாமாக நிறுத்துவது ஆபத்து.

நாட்டு மருந்துக் கடையில் பூனைக்காலிப் பொடி இன்றும் உண்டு. பச்சிலை மருந்துதானே என்று மாத்திரையோடு அதையும் கலந்து குடிக்கிறவர்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. பொடியில் இருப்பதும் அதே லெவோடோபாதான், விதைக்கு விதை அளவு மாறும். மருத்துவரிடம் சொல்லாமல் சேர்த்தால் கைகால் தானாக நெளிய ஆரம்பிக்கலாம். அவரோ காரணம் தெரியாமல் மாத்திரையைக் குறைப்பார்.