மிளகும் ஓர் ஒப்பந்தமும்

போடிநாயக்கனூர் என்றதும் ஏலக்காய்தான் எவர்க்கும் நினைவுக்கு வரும். அந்த ஏலத்தோட்டங்களின் நிழல்மரங்களில் படரும் மிளகுக்கொடியை நினைப்பார் குறைவு. அதன் கதையைச் சிறிது கூற விழைகிறேன்.

வெளிநாட்டு மிளகுக்கு நம் நாட்டின் பொதுச் சுங்கவரி 70 விழுக்காடு. ஆயினும், 1998இல் கையெழுத்தாகி 2000இல் நடைமுறைக்கு வந்த இந்திய–இலங்கை ஒப்பந்தம், ஆண்டுக்கு 2,500 டன் இலங்கை மிளகை வரியின்றி அனுமதித்தது. வியட்நாம் மிளகும் இலங்கைச் சரக்கென்ற பெயரில் நுழைவதாக விவசாயிகள் முறையிட்டனர். உலர்ந்த மிளகின் முகத்தில் ஊர்ப்பெயர் எழுதியிருக்கிறதா, என்ன! விளைந்த நாட்டுச் சான்று ஒன்றே சாட்சி.

2017 டிசம்பரில் மத்திய அரசு, இறக்குமதி மிளகுக்குக் குறைந்தபட்ச விலையாகக் கிலோவுக்கு 500 ரூபாய் நிர்ணயித்தது. விலை சரிந்தால் தோட்டக்காரர் பறிப்பைத் தள்ளிப்போடுவார். கூலிக்கு ஏணி ஏறும் என் தந்தைக்கு அன்று வேலையில்லை.