காலப்பிரமாணம் பிடித்த கால்கள்

வைகாசி கருட சேவையன்று காஞ்சிபுரம் காந்தி ரோட்டில் நின்றால், வரதராஜப் பெருமாள் கண்ணில் படுமுன் தவில் காதில் விழும். அத்தனை பாரத்தைத் தோளில் ஏற்றிய ஸ்ரீபாதம் தாங்கிகளின் கால்கள் ஒரே சீராக விழுவதைப் பார்த்திருப்பீர்கள். இதய நோயாளிகளின் நடைக்குப் பாட்டைத் துணைசேர்க்கும் மருத்துவர்கள் தேடுவதும் இந்தச் சீரைத்தான்.

மாரடைப்பு வந்தவருக்கு வாரம் 150 நிமிட மிதமான நடை என்பது பொதுவான ஆலோசனை. வீடு திரும்பிய முதல் மாதம் நடப்பார். மூன்றாம் மாதம் செருப்பு மூலைக்குப் போய்விடும். பிள்ளையார்பாளையத்து நெசவாளிக்கோ, நாள் முழுக்க மிதியைத்தானே மிதிக்கிறோம் என்ற நினைப்பு வேறு. தறிக்குழியில் கால் ஓயாமல் ஆடினாலும் ஆள் உட்கார்ந்தேதான் இருக்கிறார்.

2015இல் வெளிவந்த ஒரு டொரன்டோ ஆய்வில், இதய மறுவாழ்வுப் பயிற்சியில் இருந்த 34 பேரில் சிலருக்கு அவரவர் நடை வேகத்துக்கு ஏற்ற பாடல்களைத் தொகுத்துக் கொடுத்தார்கள். பாட்டோடு நடந்தவர்கள் வாரத்தில் கூடுதல் நேரம் நடந்தார்கள். தாளத்தை அழுத்திக் கேட்கவைத்த பாடல்களுக்குப் பலன் இன்னும் அதிகம். 34 பேர் சின்னக் கூட்டம்தான். ஆனாலும் காரணம் புரியக்கூடியது. அடுத்த தட்டு எப்போது விழும் என்று மூளை முன்கூட்டியே கணித்துக் காலைத் தயாராக்கிவிடுகிறது. களைப்பின் மேல் இருக்கும் கவனமும் கொஞ்சம் பாட்டுக்குப் போய்விடுகிறது. மூச்சிரைக்க ஓடினால் இது பலிக்காது. உடம்பின் கூச்சல் பாட்டை அமுக்கிவிடும்.

எந்த ராகம் நல்லது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இத்தாலியின் லூசியானோ பெர்னார்டி 2006இல் இந்திய ராகம் உட்படப் பலவகை இசையைப் போட்டுப் பார்த்ததில், மூச்சையும் நாடியையும் பெரிதும் மாற்றியது இசையின் வகையல்ல, வேகம். நம் பாஷையில் காலப்பிரமாணம். லயத்துக்கும் பல்லவிக்கும் பேர்போன பாடகர் நயினாப் பிள்ளையின் ஊரான காஞ்சிக்கு லயத்தைப் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியதில்லை. (அவர் பாணிப் பல்லவியைப் போட்டுக்கொண்டு நடக்காதீர்கள், கணக்குப் போட நின்றுவிடுவோம்.)

மிதமான நடை என்பது நிமிடத்துக்குச் சுமார் 100 அடி. தட்டுக்கு ஓர் அடி வைத்தால், ஆதி தாள ஆவர்த்தனம் ஒன்று 5 விநாடிக்குள் முடிய வேண்டும். டாக்டர் சரி என்ற பிறகு, இதைவிடச் சவுக்கமான பாட்டில் தொடங்கி மெல்ல ஏறலாம். துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவருக்கு நாடித்துடிப்பு சரியான அளவுகோல் அல்ல. பேச முடிய வேண்டும், கூடவே பாட முடியக் கூடாது, அதுவே அளவு. நெஞ்சு இறுகினால் பாட்டு முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே நிற்க வேண்டும். ராஜவீதி ஆட்டோக்களுக்காக ஒரு காதைத் திறந்து வையுங்கள்.

கடைசி ஐந்து நிமிடத்துக்குத் தாளமில்லாத ஆலாபனை போதும். பிடித்துக்கொள்ள அடி எதுவும் இல்லாமல் கால் தானே தளரும்.