உப்பு விற்றவர் வெட்டிக் கொடுத்த படுக்கை

சமணம் என்றால் பாடப்புத்தகத்தில் மூன்று வரிதான்: மகாவீரர், கொல்லாமை, கழுவேற்றம். அந்த மூன்று வரியோடு நிறுத்த, தமிழாசிரியனான எனக்கு மனசு வந்ததே இல்லை. மதுரையைச் சுற்றி மலைக்கு மலை சான்று கிடக்கிறது. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அழகர்மலைக்கும் கீழக்குயில்குடிக்கும் போய்விடுவேன்.

முதலில் கற்படுக்கையைக் காட்டுவேன். வழவழப்பாகச் செதுக்கிய தரை. தலை வைக்கும் பக்கம் சற்றே உயரம். குகையின் நெற்றியில் நீளமாக ஒரு விளிம்பு வெட்டியிருப்பார்கள், மழைத்தண்ணீர் உள்ளே வழியாமல் இருக்க. சமணத் துறவி ஓரிடத்தில் நிலைத்துத் தங்கக் கூடாது; ஊர் ஊராக நடக்க வேண்டும். மழைக்காலத்தில் மட்டும் விலக்கு. புழுவும் பூச்சியும் பெருகும் காலம், நடந்தால் மிதிபடும். அப்போது ஒதுங்க இந்தக் குகைகள்.

செலவு செய்தது யார்? மதுரைப் பக்கத்து மாங்குளம் மலைக் கல்வெட்டில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் இருக்கிறது. அழகர்மலைக்கு வந்தால் ஆளே வேறு: உப்பு வணிகர், வெல்லப்பாகு வணிகர், கலப்பைக் கொழு விற்றவர், துணி வணிகர், பொற்கொல்லர். ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முந்தைய தமிழி எழுத்தில் இவர்கள் தொழிலோடு நிற்கிறார்கள். அரசன் ஆதரித்தான், சமயம் பரவியது என்று பாடம் நடத்த இதற்குப் பிறகு எனக்கு வாய் வராது.

கீழக்குயில்குடி சமணர்மலைச் சிற்பங்கள் பல நூற்றாண்டு பிந்தியவை. 9, 10-ஆம் நூற்றாண்டு. பேச்சிப்பள்ளத்தில் பாறையோரம் வரிசையாகத் திருமேனிகள், அடியில் வட்டெழுத்து. அவற்றில் ஒன்றைச் செய்வித்தவர் குணமதியார், துறவி அச்சணந்தியின் தாய். மகன் வீட்டைத் துறந்து போனான்; தாய் அவன் நெறிக்கே ஒரு திருமேனி வைத்தாள். பிள்ளைகள் இங்கேதான் அமைதியாகிறார்கள்.

சிலையைப் பார்த்ததும், புத்தரா, சமண ஆசானான தீர்த்தங்கரரா என்று அடிக்கடி கேட்பார்கள். தலைக்கு மேல் முக்குடையும், ஆடையில்லாத உடலும் இருந்தால் தீர்த்தங்கரர். நாகம் படம் விரித்து நின்றால் பார்சுவநாதர். கை காலில் கொடி சுற்றியிருப்பவர் தவத்தில் நின்ற பாகுபலி.

அதே சமணர்மலையின் செட்டிப்புடவுக் குகைக்குள் இன்னொரு காட்சி. சிங்கத்தின் மேல் ஒரு பெண், வில்லும் அம்புமாக. எதிரே யானை மேல் ஒருவன். கொல்லாமை பேசும் சமயத்தில் போரா? சமணத்தில் உலகைப் படைத்த கடவுள் கிடையாது. தீர்த்தங்கரர் வினையை அறுத்துக் கடந்துவிட்டவர்; வேண்டுதல் கேட்டு வரம் தர மாட்டார். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் யாரிடம் முறையிடுவது? அந்த இடத்துக்கு வந்த காவல் தெய்வம்தான் சிங்கத்தின் மேல் இருக்கும் இந்தப் பெண், இயக்கி. தத்துவம் விட்ட இடத்தை மக்கள் இப்படி நிரப்பிக்கொண்டார்கள் என்றே நினைக்கிறேன்.

பெண் பிறவியில் வீடுபேறு இல்லை என்பது சமணத்தின் திகம்பரப் பிரிவின் கொள்கை. ஆனாலும் கழுகுமலைக் கல்வெட்டுகளில் குரத்தியார் என்ற பெண் ஆசிரியர்கள் வருகிறார்கள். ஏட்டில் மறுத்த மதிப்பை ஊர் கொடுத்திருக்கிறது.

மாங்குளம் கல்வெட்டு மலை இருப்பது மீனாட்சிபுரத்தில். அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த பகுதி 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் ஆனது. பின்னர் டங்ஸ்டன் சுரங்க ஏலம் வந்தபோது ஊர் ஊராக மக்கள் திரண்டார்கள். 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. வெட்டுவதை ஊர் தடுத்துவிட்டது. கிறுக்குவதை நாம்தான் தடுக்க வேண்டும். படுக்கைகளின் மேல் காதலர் பெயரும் பெயின்டும் ஏறியிருப்பதைப் பார்க்க வயிறு எரிகிறது. பிள்ளைகளோடு மலையேறுங்கள், எழுத்தின் மேல் கை வைக்காமல் பாருங்கள், கீறுகிறவரைக் கண்டால் அங்கேயே நிறுத்துங்கள்.