இரண்டாம் அந்நிய பாஷை வேண்டுமா?

ஹைஸ்கூலில் படிக்கும் பிள்ளை, தமிழும் ஆங்கிலமும் போக இன்னுமோர் அந்நிய பாஷையைக் கற்க வேண்டுமா? 2020-ஆம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கை, கொரிய, ஜப்பானிய, தாய், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிய, போர்த்துகேசிய, ருஷிய பாஷைகளை உயர்நிலை வகுப்புகளில் கற்பிக்கலாமென்று ஒரு ஜாபிதா தந்திருக்கிறது. தூத்துக்குடி போன்ற துறைமுகப் பட்டினத்தில் இது வெறும் வாதத்துக்குரிய விஷயமன்று. பிள்ளைகளின் ஜீவனத்தைத் தொட்டது. ஆகையால் இதனை நிதானமாக ஆராய்வது அவசியமாகும்.

முத்துக்குளித்துறைக்கு அந்நிய பாஷை புதிதன்று. 1530-களில் பரதவர்கள் தங்கள் பகைவரிடமிருந்து பாதுகாப்புத் தேடிய காலத்தில், போர்த்துகேசியரின் உதவியை நாடும்படி அவர்களுக்கு யோசனை சொன்னவர் ஜோவான் த குரூஸ் என்னும் குதிரை வியாபாரி. மலையாள நாட்டினரான அவர் லிஸ்பன் நகரம் வரை சென்று திரும்பியவர். பரதவரின் தூது கொச்சிக்குச் சென்றது. பாதுகாப்பு கிடைத்தது, கூடவே மதமும் மாறிற்று, முத்துச் சலாபத்தின்மேல் அந்நியர் அதிகாரமும் ஓங்கிற்று. அன்று அப்பேரத்தைத் தம் வாயாலேயே பேசி முடிக்கத் தக்க பாஷைப் பயிற்சி பரதவருக்கு இருந்திருக்குமாயின், நிபந்தனைகளையேனும் நன்கறிந்து ஒப்பியிருப்பார்கள் அல்லவா?

எதிர்ப்பக்கத்தாரையும் கவனிப்போம். 1542-ல் இக்கரைக்கு வந்த சவேரியார் தமிழறியாமையால் துபாஷிகளின் உதவியை நம்ப நேர்ந்தது. அவருக்குப் பின் வந்த அண்டிரிக்கு அடிகளோ தமிழைக் கருத்தூன்றிக் கற்றார். போர்த்துகேசிய பாஷையில் தமிழுக்கு இலக்கணம் எழுதினார். 1578-ல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவருடைய முயற்சியேயாகும். பரீட்சையில் தேறுவதற்காக அவர் கற்கவில்லை. ஜனங்களோடு பேசவும் எழுதவும் கற்றார். ஒரு பாஷையைக் கற்றோம் என்பதற்கு இதுவே அடையாளம்.

நம் நாட்டில் நடப்பது என்ன? 2006-ஆம் வருஷத்துச் சட்டம் பத்தாம் வகுப்பு வரையில் தமிழைப் படிப்படியாகக் கட்டாயமாக்கிற்று. அதனைத் தாண்டியவுடன், தமிழை விட்டுப் பிரெஞ்சை எடுத்துக்கொள்ளும் மாணாக்கர் பலர். காரணம் பிரெஞ்சு தேசத்தின் மீதோ இலக்கியத்தின் மீதோ உள்ள பற்றன்று. மார்க்கு எளிதில் கிடைக்கும் என்ற எண்ணமே. தாய்மொழியைக் கொடுத்து மார்க்கு வாங்கும் இவ்வியாபாரத்தை நாம் ஒருபோதும் ஒப்ப முடியாது. இரண்டு வருஷம் படித்த பின்னும் அந்தப் பாஷையில் ஒரு கடிதம் எழுத இயலாதென்றால், பையனிடம் தமிழும் இல்லை, பிரெஞ்சும் இல்லை என்பதன்றி வேறென்ன சொல்வது?

கப்பலேற விரும்பும் பிள்ளைகளுக்கு வேறொன்று சொல்ல வேண்டும். கடலில் பல தேசத்து மாலுமிகள் ஒருவரோடொருவர் பேசுதற்கென்று சர்வதேசக் கடல்சார் ஸ்தாபனம் 2001-ல் வகுத்த வாக்கியத் தொகுதி ஆங்கிலத்திலேயே இருக்கிறது. ஆகவே முதல் அந்நிய பாஷை திடப்படாமல் இரண்டாவதைத் தொடுவது, அஸ்திவாரமின்றி மாடி கட்டுவதாகும்.

சர்க்காரின் போக்கும் யோசிக்கத் தக்கது. கேந்திரீய வித்யாலயங்களில் ஜெர்மன் பாஷையை மூன்றாம் மொழியாக வைத்து நடத்தி வந்தவர்கள், 2014-ல் கல்வியாண்டின் நடுவிலேயே அதனை நிறுத்திச் சம்ஸ்கிருதத்தைப் புகுத்தினார்கள். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு வரையிற் சென்றது. இரண்டு பாஷைகளுக்கும் இதனால் கௌரவமில்லை, அலைக்கழிந்தவர்கள் சிறுவர்களே. மேலும் டில்லியில் தயாரான 2020-ஆம் வருஷத்து ஜாபிதாவில் வியத்நாமிய பாஷை இல்லை. ஆனால் 2025 ஆகஸ்டு மாதத்தில் தூத்துக்குடியில் மோட்டார் தொழிற்சாலை திறந்ததோ வியத்நாம் தேசத்துக் கம்பெனி! எந்த ஊருக்கு எந்தப் பாஷை வேண்டும் என்பதைத் தூரத்திலிருந்து எழுதும் ஜாபிதா அறியாது. அந்தந்த ஊரே அறியும்.

எனவே நமது அபிப்பிராயம் இது. இரண்டாம் அந்நிய பாஷையைக் கட்டாயமாக்க வேண்டாம். விரும்பும் பிள்ளைக்கு மறுக்கவும் வேண்டாம். தமிழின் ஸ்தானத்தில் அதனை வைத்தலாகாது. தமிழுக்கு மேற்பட்டதாகவே கற்பித்தல் வேண்டும். மார்க்குக் கணக்கில் அதனைச் சேர்க்காமல், மாலை வகுப்பாக நடத்தி, பேசவும் படிக்கவும் வருகிறதா என்று மட்டும் சோதிக்கட்டும். ஒரு பள்ளியால் தனியே ஆசிரியரை அமர்த்த இயலாவிடில் ஊரின் பள்ளிகள் சேர்ந்து அமர்த்தலாம். துறைமுக வர்த்தகர்கள் செலவில் பங்கேற்பார்களாயின் அது அவர்களுக்கும் இலாபமே.

1906-ல் சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியது, நம் சரக்கை நம் கப்பலிலேயே ஏற்ற வேண்டும் என்பதற்காக. நம் பேச்சையும் நாமே பேச வேண்டும். அதற்குரிய பாஷையைத் தேர்ந்து, முழுமையாகக் கற்கத் துணிபவன் கற்கட்டும். அரைகுறையாகக் கற்க நினைப்பவன் அப்பொழுதைத் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் செலவிடுவதே மேல்.