உஷார்! எடைக்குப் போட்டது வெறும் பேப்பர்தானா?

கொஞ்சம் நில்லுங்க! அந்தக் காகிதக் கட்டைத் தராசில் வைக்கும் முன் ஒரு தடவை பிரித்துப் பாருங்க.

திண்டிவனத்தில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மா. 2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரை கடந்து, பக்கத்து மயிலத்தில் 51 செ.மீ. மழை கொட்டியதே, அந்த வெள்ளத்தில் அவர் வீட்டு பீரோவின் கீழ்த்தட்டு முழுகிவிட்டது. பழைய பாஸ்புக், ஆதார் ஜெராக்ஸ், பான் கார்டு நகல், கையெழுத்துப் போட்ட விண்ணப்பங்கள் எல்லாம் ஈரம். காயவைத்துப் பார்த்தார். "இனிமே இது எதுக்கு?" மூட்டையாகப் பழைய பேப்பர்காரரிடம் கொடுத்துவிட்டார். கிடைத்தது நாற்பது ரூபாய்.

சில மாதம் கழித்து போன் வந்தது. வாங்காத பைக்குக்குத் தவணை பாக்கியாம்!

பேப்பர்காரரைக் குற்றம் சொல்ல மாட்டேன். அவரிடமிருந்து குடோன், குடோனிலிருந்து யார் யார் கையோ. காகிதம் எங்கே திருடனிடம் சிக்கியது என்று இன்றுவரை அந்த அம்மாவுக்குத் தெரியாது. விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் வாங்கும் சுண்டல் பொட்டலத்தை ஒருநாள் பிரித்துப் படித்துப் பாருங்க, பயம் புரியும்.

இன்னொரு ஓட்டை, ஜெராக்ஸ் கடை. கோணலாக விழுந்த நகலை அங்கேயே கூடையில் போட்டுவிட்டு வருகிறோம். அதிலும் உங்கள் முகமும் நம்பரும் இருக்கிறதே! ஒரே ஒரு போட்டோ எதுவரை போகும் தெரியுமா? 2023-ல் விஜயவாடாவில் ஒரே ஆளின் போட்டோவில் 658 சிம் கார்டு வாங்கியிருந்ததைக் கண்டுபிடித்தார்கள்.

கேட்காத ஓ.டி.பி. வருகிறதா? திடீரென்று சிக்னல் செத்துப்போகிறதா? தெரியாத கம்பெனி தபால் அனுப்புகிறதா? சும்மா இருக்காதீங்க! சஞ்சார் சாத்தி தளத்தில் உங்கள் பேரில் எத்தனை சிம் ஓடுகிறது என்று பாருங்க. வருஷத்துக்கு ஒருமுறை சிபில் அறிக்கை இலவசம், அதில் தெரியாத கடன் இருக்கிறதா என்று பாருங்க. பணம் போய்விட்டால் உடனே 1930-க்குப் போன் போடுங்க.

சரி, பழைய காகிதத்தை என்ன செய்வது? போகி நெருப்பில் போட்டால் தீர்ந்தது என்று நினைக்காதீங்க. கட்டாகப் போட்டால் ஓரம்தான் கருகும், நடுப்பக்கம் அப்படியே இருக்கும். நம்பர் இருக்கும் இடத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கிழித்து, ஒரு வாளித் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைத்துப் பிசைந்துவிடுங்க. விழுப்புரம் பக்கம் அய்யங்கோவில்பட்டில் பிள்ளையார் செய்யக் காகிதத்தைக் கூழாக்குவார்களே, அந்தப் பதம் வரட்டும். பிளாஸ்டிக் ஏ.டி.எம். கார்டை மட்டும் சிப் துண்டாகும்படி கத்தரியால் வெட்டுங்க.

அவசரத்தில் மாமனார் காலத்து மூலப்பத்திரத்தையும் சேர்த்துப் போட்டுவிடாதீங்க! தொலைந்தால் போலீஸ் ஸ்டேஷனுக்கும் பதிவு ஆபீஸுக்கும் நடையாய் நடக்க வேண்டும். பத்திரம், பட்டா, சான்றிதழ் எல்லாவற்றையும் பீரோவின் மேல்தட்டில் ஏற்றிவிட்டு, அப்புறம் வாளியை எடுங்க.