தாய்வழிக் குடியும் முகச்சாயலும்

தாயைப் போலப் பிள்ளை, நூலைப் போலச் சேலை என்னும் பழமொழி தமிழர் வாழுமிடமெங்கும் வழங்குவதே. ஆயின் மட்டக்களப்புப் பிரதேசத்தில் அதற்கு ஒரு சமூக அடித்தளமும் உண்டு. இங்கு தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் குடி தாய்வழியே வருகின்றது. ஒரு தாயின் வழிவந்தோர் வயிற்றுவார் எனப்படுவர். கோயில் வண்ணக்கர், பள்ளிவாசல் மரைக்கார் ஆகிய பதவிகளும் குடிவழிப்பட்டனவாக இருந்துள்ளன. எனவே ஒரு பிள்ளையின் முகமும் குணமும் 'அந்தக் குடி இரத்தம்' என விளக்கப்படும்போது, சாயலோடு அந்தஸ்தும் இயற்கையின் ஏற்பாடாகிவிடுகின்றது. இவ்விளக்கம் பரிசோதிக்கப்பட வேண்டியதாகும்.

உயிரியல் குடியை அறியாது. பிள்ளை தன் பரம்பரையலகுகளில் ஏறத்தாழப் பாதியைத் தாயிடமும் பாதியைத் தந்தையிடமும் பெறுகின்றது. வேறு உறவுவழி கலவாதவிடத்து, ஆதித்தாயின் பங்கு ஏழாந் தலைமுறையில் சராசரியாக 128இல் ஒன்றே. குடிப்பெயரோ சிறிதும் குறைவதில்லை. தாய்வழியே மட்டும் செல்வன இழைமணியிலுள்ள 37 பரம்பரையலகுகள். அவை கலத்தின் சக்தி உற்பத்தியோடு தொடர்புடையவை. மூக்கின் வடிவத்தை அவற்றில் தேடிப் பயனில்லை.

மச்சான் மச்சாள் திருமணம் இதனினும் சுவாரசியமானது. மாமன் மகள் மணத்துக்குரியவள். சின்னம்மாவின் மகள் தங்கை. ஆயினும் இருவரோடும் ஒருவன் பகிரும் பரம்பரையலகுகள் சராசரியாக எட்டிலொரு பங்கே. இயற்கை கீறாத கோட்டைச் சமூகம் கீறியுள்ளது. அதேவேளை இத்தகைய மணங்கள் தலைமுறைதோறும் தொடருமிடத்து, தாய்வழி மூதாதையரும் தந்தைவழி மூதாதையரும் ஓரளவு ஒருவராகவே அமைய, குடும்பச் சாயல் உண்மையாகவே செறிவடைகின்றது. சமூக விதி உடலிலே தடம் பதிப்பது இவ்வாறுதான்.

வளர்ப்பின் பங்கை நோக்குமிடத்து, சொத்துறவை விலக்கிவைத்து அதனை விளங்கிக்கொள்ளல் இயலாது. மருமக்கள் வழிச் சொத்துரிமையைப் பேணிய முக்குவர் சட்டம் பிறிற்றோவால் 1876இல் நூலாக்கப்பட்டது. பின்னர் அது வழக்கொழிந்தது. ஆனால் வீடு மகளுக்குச் சீதனமாகச் செல்லும் வழமை ஒழியவில்லை. மூத்தவளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டுப் பெற்றோர் இளைய பெண்களோடு அயல்வளவில் வீடு கட்டிக் குடிபோவர். மருமகன் வந்து சேர்பவன். ஆகவே குழந்தை தன் முதற்சொல்லையும், சிரிப்பையும், கோபத்தில் முகந்திருப்பும் பாங்கையும் அம்மம்மாவிடமும் பெரியம்மா, சின்னம்மாரிடமும் பயில்கின்றது. வயிற்றுவார்ச் சாயல் என நாம் வியப்பதிற் பெரும்பகுதி வயிற்றினதன்று, வளவினது என்பதே என் துணிபு.

எனினும் இத்தனை வீதம் இயற்கை, இத்தனை வீதம் வளர்ப்பு எனக் கூறுபோட முனைவதும் தவறாகும். மார்க்சிய உயிரியலாளர் லெவொன்ரின் 1970இல் சோளவிதையைக்கொண்டு இதனை விளக்கினார். எமக்கு நெல் போதும். பலவினம் கலந்த ஒரே மூட்டை விதைநெல்லை வளமான வயலிலும் வளமற்ற வயலிலும் விதைப்போம். ஒரு வயலுக்குள் காணப்படும் உயர வேறுபாடு விதையால் வந்தது. இரு வயல்களுக்கிடையிலான வேறுபாடோ முழுக்க மண்ணால் வந்தது. 'அந்தக் குடிக்குப் படிப்பு ஏறாது' என்று கூறுவோர் முதலாவதைக் கண்டு இரண்டாவதற்குத் தீர்ப்பு வழங்குகின்றனர். படுவான்கரைப் பிள்ளை எத்தனை கட்டை நடந்து பள்ளிக்கூடம் போகிறது, காலையில் என்ன உண்டது என்பன அவர்களது விசாரணைக்குள் வருவதில்லை.